ஏணியில் ஏறிய இல்லத்தரசி

அந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டு வீட்டுக்கு வந்த சாயங்காலம் நான் வேலை முடித்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. புருவத்தில் புல் துகள், காலுறைக்குள் புல் துகள், சட்டையெல்லாம் பெட்ரோல் வாடை. புல்வெட்டு மெஷினின் வார் நாள் முழுக்க அழுத்தியதில் இடது தோள் கன்றிப்போயிருந்தது. அந்தக் கோலத்திலேயே தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தேன். ஏஜெண்டு என் கணவருக்கு எதிரே உட்கார்ந்து, மடியில் டேப்லட்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா என்ன வேலை செய்றாங்கண்ணே?”

கேட்டது என் கணவரிடம். நான் அவர் முன்னால்தான் நின்றேன். கையை நீட்டினால் என் மேல் ஒட்டியிருந்த புல்லை எடுத்திருக்கலாம்.

“கூட வந்து ஒத்தாசை பண்ணுவா,” என்றார் என் கணவர், பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டே.

ஏஜெண்டின் விரல் திரையில் ஒரு இடத்தைத் தட்டியது. எட்டிப் பார்த்தேன். ‘சூரி ரூமா’ என்றிருந்தது. ‘வீட்டு ராணி’ என்று அர்த்தம், மலாயில் இல்லத்தரசியை அப்படித்தான் சொல்வார்கள். தமிழானாலும் மலாயானாலும் சம்பளம் இல்லாதவளுக்கு ராணிப் பட்டம் கொடுத்து வாயை அடைப்பதில் குறையில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. அதை விளங்கிக்கொள்ள எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாங்கள் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து உலு திராமில் இருக்கிறோம். லேண்ட்ஸ்கேப் வேலை எங்களுக்கு. பெயர் பெரிதாக இருந்தாலும் ஆட்கள் மூன்றே பேர். நான், என் கணவர், பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு மலாய்க்கார அம்மா. முன்பு நான் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். விடியுமுன் பஸ் ஏறி, எல்லைப் பாலத்தில் நெரிசலில் நின்று நின்று, இருட்டியபின் வீடு திரும்பும் பிழைப்பு. என் கணவர் லோரி ஓட்டினார். அவருடைய முதுகுத்தண்டில் வட்டு நகர்ந்தபின் மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் பழைய புல்வெட்டு மெஷின் ஒன்றை வாங்கினோம். முதுகு போன மனிதர் அதைத் தோளில் மாட்ட முடியாது. நான் மாட்டினேன்.

அன்றிலிருந்து வேலைப் பிரிவினை அதுதான். அவர் சின்ன லோரியை ஓட்டுவார், வீட்டுக்காரர்களிடம் பேசுவார், விலை சொல்வார். நான் புல் வெட்டுவேன், வேலிச் செடி கத்தரிப்பேன், குழி தோண்டிப் பனை நடுவேன், மழையில் சரிந்த மண்ணை அணைத்துப் புல்பத்தை பதிப்பேன். பாம்பு பார்த்திருக்கிறேன். குளவிக் கூட்டுக்குள் கத்தரியை விட்டு, முகம் வீங்கி, ஒரு கண்ணால் பார்த்தபடி வேலையை முடித்திருக்கிறேன். தொழில் மட்டும் அவர் பெயரில் பதிவாகியிருந்தது. பதியப் போன அன்று எனக்கு ஒரு பங்களாவில் புல் வெட்டும் வேலை இருந்தது, அவர் போய் வரிசையில் நின்றார். காரணம் அவ்வளவுதான்.

காப்புறுதி எடுக்கவேண்டிய நிலை வந்தது ஜொகூர் பாருவுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு வேலியிட்ட குடியிருப்பால்தான். நுழைவாயிலில் காவலர், உள்ளே ஒரே மாதிரி வீடுகள், நடுவில் செயற்கை ஓடை. மாதாமாதம் பராமரிக்கும் வேலையை எங்களுக்குத் தர நிர்வாகக் குழு சம்மதித்தது. ஆனால் எங்களால் பிறர் பொருளுக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டக் காப்புறுதி இருக்கவேண்டும் என்றார்கள். நியாயம்தான். மெஷினில் சிக்கிய கல் எந்தப் பக்கம் பாயும் என்று எனக்கே தெரியாது. குழுவின் பொருளாளர் ஒரு சீன அம்மையார். அவர் என்னென்ன காக்கப்பட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். குடியிருப்பவர்களின் கார், கண்ணாடிக் கதவு, தானியங்கி கேட், ஒரு வீட்டின் முன்னால் தொட்டியில் நீந்திய அலங்கார மீன்கள். அந்த மீன்கள் வரைக்கும் கவலைப்பட்டார்கள். பின்னால் நடந்துகொண்டிருந்த என் கை காலுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நானாவது கேட்டிருக்கலாம். அன்று வேலை கிடைத்த சந்தோஷத்தில் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

அப்படித்தான் அந்த ஏஜெண்டு வந்தார். என் கணவருடைய பழைய லோரிக் கூட்டாளிக்குச் சொந்தக்காரர். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம். முதலில் அவர் எடுத்து நீட்டியது கடைகளுக்கான பேக்கேஜ். தீப்பிடித்தால் உண்டு, கடைக் கண்ணாடி உடைந்தால் உண்டு, பெயர்ப்பலகை விழுந்தால் உண்டு, கல்லாப்பெட்டி களவு போனால் உண்டு.

“எங்களுக்குக் கடையே இல்லையே தம்பி,” என்றேன். “கல்லாப்பெட்டியும் இல்ல. மெஷின்ல கல்லு தெறிச்சு ஒருத்தர் காரு கண்ணாடி போனா இதுல வருமா?”

அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். “எல்லாமே கவர் ஆகும்ணே. கவலையே வேணாம்.”

“லோரிக்குப் பின்னால கட்டியிருக்கற மெஷினை எவனாச்சும் தூக்கிட்டுப் போனா?”

“அதெல்லாம் பாத்துக்கலாம்ணே.”

கேட்பவள் ஒருத்தி, பதில் வாங்குபவர் இன்னொருவர். என் கணவருக்கே கூச்சமாகிவிட்டது. “அவகிட்ட சொல்லுங்க தம்பி, அவளுக்குத்தான் வெளங்கும்,” என்றார். அதன்பிறகுதான் ஏஜெண்டு என் பக்கம் திரும்பினார். மூன்றாம் தடவை நான் கேட்டபோது, கல் தெறிப்பது கடைப் பேக்கேஜில் வராது, அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி தனியாக எடுக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார். சரி, அதை எடுப்போம் என்றோம். மெஷின்களுக்கு ஒன்று. எங்கள் இருவருக்கும் விபத்துக் காப்புறுதி ஒன்று. அந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான் மறுபடி என் கணவர் பக்கம் திரும்பி, என் தொழில் என்ன என்று கேட்டார். ‘சூரி ரூமா’ வந்தது அங்கேதான்.

“தம்பி, அது தப்பு,” என்றேன். “நான்தான் மெஷின் பிடிக்கறேன். நான்தான் ஏணி ஏறறேன். லேண்ட்ஸ்கேப் வேலைன்னு போடுங்க.”

அவர் குரலைத் தணித்து, ஏதோ எனக்கு உபகாரம் செய்வதுபோலச் சொன்னார். “தெரியும்க்கா. ஆனா அந்த மாதிரி வேலைன்னு போட்டா கட்டற சந்தா ஏறிடும். வீட்டுல இருக்கறவங்கன்னா கம்மி. பேருக்குத்தானே லா.”

“பேருக்கு வேண்டாம். உள்ளதைப் போடுங்க. ஏறுனா ஏறட்டும்.”

“சரிக்கா, மாத்திடறேன்.”

இரண்டு வாரம் கழித்துப் போனில் கேட்டேன். மாற்றியாகிவிட்டது என்றார். பிறகு பாலிசி வந்தது. பக்கம் பக்கமாக ஆங்கிலமும் மலாயும். உட்கார்ந்து படித்தேன். என் பெயருக்கு நேரே தொழில் என்று எந்தச் சொல்லும் இல்லை. ‘வகுப்பு 1’ என்று மட்டும் இருந்தது. முதல் வகுப்பு என்றால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். ரயிலிலும் விமானத்திலும் அப்படித்தானே. காப்புறுதியில் முதல் வகுப்பு என்பது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வீட்டோடு இருப்பவர்களுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நான் விழுந்தது ஒரு மழை நாளுக்கு மறுநாள் காலையில். அந்தக் குடியிருப்பின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த காகிதப்பூ வேலி. நான் ஏணியில் நின்று கத்தரி மெஷினால் உச்சியை வெட்டிக்கொண்டிருந்தேன். மலாய்க்கார அம்மா கீழே வெட்டியதை அள்ளிக்கொண்டிருந்தார். என் கணவர் குப்பையைக் கொட்ட லோரியோடு போயிருந்தார். ஈர மண்ணில் ஏணியின் ஒரு கால் மெல்ல இறங்கியது. ஒன்றைப் பிடிக்கலாம் என்று கை நீட்டினேன், கையில் வந்தது முள். விழும்போது மெஷினைத் தூர எறிந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். வலது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறியும் சத்தம் காய்ந்த கிளை முறிவதுபோல இருக்கும் என்பார்கள். எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கை மட்டும் என்னுடையது இல்லாததுபோல் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

நேப்பாளத்துக் காவலர் ஓடிவந்து தன் மழைச்சட்டையை மடித்து என் தலைக்கு அடியில் வைத்தார். மலாய்க்கார அம்மா என் கணவருக்குப் போன் போட்டுக்கொண்டே அழுதார். பிறகு பொருளாளர் அம்மையார் வந்தார். ஏணி விழுந்த இடத்திலிருந்து சில அடி தள்ளி ஒரு கார் நின்றது. அவர் முதலில் காரைச் சுற்றி வந்தார். கதவைத் தடவிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் குனிந்து மலாயில் கேட்டார்.

“எதுவும் உடையலையே?”

நான் தரையில் கிடந்தபடி, “கை,” என்றேன்.

“இல்ல, குடியிருப்பவங்க சாமான் எதுவும்?”

இப்போதும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்குக் காது சுடும். அவர் கெட்டவர் அல்ல. பிறகு எனக்குப் பழம் வாங்கி அனுப்பினார். ஆனால் அந்த நிமிடத்தில் அவர் கண்ணுக்கு அங்கே விழுந்து கிடந்தது ஒரு ஏணிதான், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் கணக்கில் இல்லை.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். சில மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே ஏஜெண்டு வந்தார். இந்தத் தடவை எனக்கு நேரே உட்கார்ந்தார்.

“அக்கா, கிளெய்ம் போட்டுடலாம். ஒண்ணும் பிரச்சினை இல்ல. எங்க விழுந்தீங்கன்னு கேட்டா, வீட்டுல விழுந்ததா சொல்லிடுங்க. பின்னால முருங்கை மரம் இருக்குல்ல? கீரை பறிக்க ஏணி வெச்சீங்க, வழுக்கிடுச்சு. அவ்ளோதான்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “ஏன் அப்படிச் சொல்லணும்?”

“அந்தத் தொழில் இன்னும் அப்படியேதான் இருக்குக்கா,” என்றார். மாற்றவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கம்பெனிக் கணக்கில் நான் இன்னும் இல்லத்தரசிதான்.

கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தேன். “நான் சொன்னேனா இல்லையா? போன்லயும் கேட்டேனா இல்லையா?”

“கேட்டீங்கக்கா. மறந்துட்டேன். இப்போ அதைப் பேசி என்னா ஆவப்போவுது? முருங்கைன்னு சொன்னா முழுசா கிடைக்கும். வேலைன்னு சொன்னா ஒண்ணும் கிடைக்காது.”

அவர் போனபின் என் கணவரும் அதையேதான் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேலைக்கு ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார், சமையலும் அவர்தான். “சொல்லிடு விடு,” என்றார். “வீட்டுல விழுந்தா என்ன, வெளியில விழுந்தா என்ன? கை ஒடஞ்சது நெசம்தானே?”

“கை ஒடஞ்சது நெசம். எங்க ஒடஞ்சதுன்றதும் நெசம்தாங்க.”

“யாருக்கு நட்டம்?”

யாருக்கு நட்டம் என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. பொய் சொல்லப் பயமா என்று அவர் கேட்டார். பயமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. இத்தனை வருடம் வெயிலில் வெந்து செய்த வேலையை, என் வாயாலேயே, கீரை பறித்ததாகச் சொல்ல வேண்டும். அவர்கள் படிவத்தின் ஒரு கட்டத்தில் அழித்ததை நான் கையெழுத்துப் போட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

என் அம்மா குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த தோட்டம், கருணைக்குப் பேர்போன இடம் அல்ல. அங்கேகூடக் காலைப் பிரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அம்மா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். வெட்டுற ஆள் என்றுதான் பதிந்தார்கள். அப்பாவுக்கு ஒத்தாசை என்று யாரும் எழுதவில்லை. அந்தத் தோட்டம் அம்மாவுக்குக் கொடுத்ததை டேப்லட் வைத்திருக்கும் ஒரு தம்பி எனக்குக் கொடுக்கவில்லை.

கிளெய்மில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். இடது கையால் கிறுக்கியதால் எழுத்து கோணிக்கொண்டு போனது.

கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒரு மலாய்ப் பெண் வந்தார். சின்ன வயசு. என்னை ‘காக்’ என்று, அக்கா என்பதுபோல மரியாதையாகக் கூப்பிட்டார்.

“காக், அன்னைக்குக் கணவருக்கு உதவியா போயிருந்தீங்களா?”

“இல்ல. வேலைக்குப் போயிருந்தேன்.”

“எப்பவாவது போவீங்களா?”

“தினமும்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “காக், நீங்க சொல்றது உங்களுக்கே பாதகமாகலாம், தெரியுமா?”

“தெரியும். எழுதுங்க.”

எழுதிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் பதில் வந்தது. தொழில் பற்றிய முக்கியமான தகவலை நான் மறைத்துவிட்டேனாம். அதனால் ஈடு தர முடியாதாம். மறைத்தேனாம்! சொன்னவள் நான், காதில் வாங்காதவர்கள் அவர்கள், மறைத்த பழி எனக்கு. அன்று நான் சாப்பிடவில்லை. கோபத்தில் வயிறு நிறைந்துவிட்டது. என் கணவர் கதவோரம் நின்று, “நான் அப்பவே சொன்னேனே” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஜொகூர் பாருவில் இருந்த கிளைக்குப் போனோம். குளிரூட்டிய அறையில் ஒரு அதிகாரி. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பாலிசி வந்ததும் நான் படித்துச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார்.

“படிச்சேன் சார். தொழில்னு ஒரு சொல்லே இல்ல அதுல. வகுப்பு ஒண்ணுன்னு இருந்துச்சு.”

“வகுப்பு ஒன்று என்றால் அலுவலக வேலை, இல்லத்தரசி...”

“அது உங்களுக்குத் தெரியும். எனக்கு யார் சொன்னா? உங்க ஆளு சொன்னாரா?”

“ஏஜெண்டு தனி, கம்பெனி தனி, மேடம்.”

“சந்தா வாங்கும்போது தனியா இல்லையே சார். அவர்கிட்ட கொடுத்தது உங்களுக்குத்தானே வந்துச்சு?”

அவர் பதில் சொல்வதற்குள் என் கணவர் பேசினார். அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர். “சார், அன்னைக்கு ஒத்தாசை பண்றான்னு நான்தான் சொன்னேன். பேச்சுவாக்குல வந்துடுச்சு. இவ உடனே இல்லைன்னு சொன்னா. நான் பக்கத்துல இருந்து கேட்டேன். உண்மையைச் சொல்லணும்னா நான்தான் சார் இவளுக்கு ஒத்தாசை. இவ இல்லாம ரெண்டு மாசமா தொழில் படுத்துக் கிடக்கு. அதைவிட என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு?”

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில்கூடச் சொன்னதில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் கம்பெனி இறங்கி வந்தது. நல்லெண்ண அடிப்படையில் ஒரு சிறு தொகை தருகிறோம், விவகாரத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ‘நல்லெண்ணம்’ என்ற சொல் எனக்குப் பழைய கோபத்தைவிடப் பெரிய கோபத்தைக் கொடுத்தது. கோயில் வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவளுக்குப் போடுவதுபோல. நான் வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். காப்புறுதிக் கம்பெனிகள் மேல் பொதுமக்கள் முறையிட வெளியில் ஒரு அமைப்பு இருக்கிறது, வக்கீல் வேண்டாம், செலவு இல்லை என்று என் மகளுடைய பள்ளி ஆசிரியை ஒருவர் சொன்னார். அங்கே முறையிட்டேன்.

அதற்கப்புறம்தான் ஏஜெண்டு மறுபடி வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. சிரிப்பு இல்லை. இஸ்திரியும் இல்லை.

“அக்கா, விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. முறையீட்டை வாபஸ் வாங்கிடுங்க. என் லைசென்ஸ் போயிடும். சின்னப் புள்ளைங்க இருக்குக்கா.”

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்ததாலேயே இன்னும் கோபம் வந்தது. என் கையை உடைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, அவருக்காகவும் நான்தான் இரங்க வேண்டியிருக்கிறது.

“வாபஸ் வாங்க மாட்டேன் தம்பி. நீங்க போய் நடந்ததைச் சொல்லுங்க. அக்கா சொன்னாங்க, நான்தான் மாத்தலைன்னு சொல்லுங்க. நீங்க அப்படிச் சொன்னா, இவர் உண்மையை ஒத்துக்கிட்டாருன்னு நானும் சொல்றேன். அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காதீங்க.”

அவர் எழுந்தார். பழப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. சாப்பிடவும் தோன்றவில்லை. மலாய்க்கார அம்மா எடுத்துக்கொண்டு போனார்.

விசாரணையில் அவர் சொல்லிவிட்டார். அதை நான் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். பயத்தில் சொன்னாரா, மனச்சாட்சியில் சொன்னாரா, எனக்குத் தெரியாது. நானும் சொன்னபடி சொன்னேன். அவருடைய லைசென்ஸ் போகவில்லை, கண்டித்து விட்டார்களாம். கம்பெனி எனக்கு ஈடு கொடுத்தது, ஆனால் முழுதாக அல்ல. சரியான தொழிலைப் போட்டிருந்தால் எவ்வளவு சந்தா வந்திருக்குமோ அதற்கும் நான் கட்டியதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்றபடி வெட்டிக்கொண்டார்கள். கூடக் கட்டத் தயாராக இருந்தவளிடம், நீ குறைவாகத்தானே கட்டினாய் என்று கழித்தார்கள். இதைப் போய் எந்த நியாயத்தில் சேர்ப்பது? வெற்றி என்று என் கணவர் சொன்னார். பாதி வெற்றி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

கை ஓரளவு கூடியதும் காப்புறுதியை முதலிலிருந்து எடுத்தோம். இந்தத் தடவை வேறு கம்பெனி, வேறு ஏஜெண்டு. பத்து பாகாட் ஊரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண். நான்தான் எதிரே உட்கார்ந்தேன். என்ன மெஷின், எவ்வளவு உயரம் ஏறுவேன், மருந்து அடிப்பேனா, ஏணியை யார் பிடிப்பார்கள் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நானும் விடவில்லை. கல் தெறித்தால் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். நாங்கள் நட்ட மரம் ஒரு வருடம் கழித்துச் சாய்ந்து ஒருவர் வீட்டுக் கூரையில் விழுந்தால்? நிலத்தடியில் போகும் தண்ணீர்க் குழாயை மண்வெட்டி வெட்டிவிட்டால்? லோரியிலிருந்து மெஷின் களவு போனால், பூட்டியிருந்தால் மட்டும் தருவார்களா, கட்டியிருந்தாலும் தருவார்களா? சிலவற்றுக்கு உண்டு என்றார். சிலவற்றுக்கு இல்லை என்றார். இல்லை என்பதை இல்லை என்றே சொன்னதில் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. சொந்தத் தொழில் செய்பவர்களை அரசாங்கமே ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது என்று சொன்னதும் அவர்தான். அதில் அவருக்கு ஒரு காசும் கிடைக்காது. மலாய்க்கார அம்மாவைத் தொழிலாளி என்று முதலிலேயே பதிந்திருந்தோம். என்னைப் பதிய வேண்டும் என்று எங்கள் யாருக்குமே தோன்றியிருக்கவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். இப்போது பதிந்தாயிற்று. தொழிலிலும் என் பெயர் பங்குதாரராக ஏறியிருக்கிறது.

என் கணவரின் முறை வந்தபோது, “அண்ணன் ஓட்டுவாரு, ஆபீஸ் வேலை பாப்பாரு. சுலபமான வகுப்புல போட்டுடலாம்,” என்றார் அந்தப் பெண்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “என்னம்மா சுலபம்? நானும் பாடுபடுறவன்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவை. “உள்ளதைப் போடுங்க,” என்றேன். குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவார், மெஷினைக் கழற்றிப் பழுது பார்ப்பார் என்று அவருக்காக நானே விவரம் சொன்னேன். சந்தா இரண்டு பேருக்குமே ஏறியது. கட்டுகிறோம்.

கோபம் தீர்ந்ததா என்றால் இல்லை. போன மாதம் எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண் விடியற்காலையில் எழுந்து வடையும் கறிபாப்பும் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறார். பெரிய இரும்புச் சட்டி, கொதிக்கும் எண்ணெய், ஆளுயர கேஸ் தோம்பு. அவருக்கும் அதே ஏஜெண்டுதான். என் விபத்துக்கு முன்னால் எடுத்துக் கொடுத்தது. காட்டுங்கள் என்றேன். போனில் காட்டினார். வகுப்பு 1.

“மாத்துங்க,” என்றேன். நடந்ததெல்லாம் சொன்னேன். மணிக்கட்டில் தையல் போட்ட தழும்பையும் காட்டினேன்.

அவர் வடையைத் திருப்பிப் போட்டார். “சந்தா ஏறிடும்லக்கா? எங்க வீட்டுக்காரரு திட்டுவாரு.”

“எண்ணெய் மேல கொட்டுனா?”

“அதெல்லாம் கொட்டாதுக்கா. இத்தனை வருசமா சுடறேன்.”

“நானும் இத்தனை வருசமா ஏணி ஏறுனேன்.”

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் பயந்துபோய் அடுப்பைத் தணித்தார். நான் கோபப்பட வேண்டிய ஆள் அவர் இல்லை என்று தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. நீங்க செய்றது வேலை, வீட்டு வேலை இல்ல, தொழில், என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தலையை ஆட்டினார். யோசிக்கிறேன்க்கா என்றார். சூடாக இரண்டு வடையைத் தாளில் மடித்துக் கையில் கொடுத்தார்.

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். வாரம் ஒருமுறை போய்க் கேட்கிறேன். என்னைக் கண்டாலே இப்போது அவருக்குக் கொஞ்சம் சலிப்பு. இருக்கட்டும். அடுத்த வாரமும் போவேன்.